கனசதுரத்துக்குள் உருளை

நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அளவுகளும் கொண்ட முப்பரிமாண உருவங்களை அட்டையில் மடித்தும் களிமண்ணில் பிசைந்தும் செய்யும் தொடக்கப் பள்ளிப் பாடத்துக்குள், வடிவம் பொருளில் இருக்கிறதா, காண்பவரின் மனத்தில் இருக்கிறதா, இரண்டுக்கும் அப்பால் இருக்கிறதா என்ற பழைய மெய்யியல் கேள்வி ஒளிந்திருக்கிறது. அதற்குச் சமய நோக்கில் விடை தேடியவர் ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடெரிக் ஃபிரோபெல் (1782–1852). பெர்லினில் படிகவியல் அறிஞர் வைஸிடம் உதவியாளராக இருந்த அவர், எவரும் செதுக்காமலே கனிமங்கள் சமதள முகங்களோடு வளர்வதைக் கண்டு, கல்லை வளர்க்கும் ஒழுங்கும் குழந்தையை வளர்க்கும் ஒழுங்கும் இறைவனிடமிருந்து வரும் ஒரே விதி என்று நம்பினார்.

‘குழந்தைகளின் தோட்டம்’ என்ற பொருளில் 1840இல் ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரைச் சூட்டிய ஃபிரோபெல், தாம் வகுத்த விளையாட்டுப் பொருள்களைக் ‘கொடைகள்’ என்றழைத்தார். அவற்றுள் இரண்டாவது, மரத்தாலான கோளமும் கனசதுரமும் உருளையும். தொட்டால் உருண்டோடும் கோளம் இயக்கத்தையும், ஆறு முகங்களோடு வைத்த இடத்தில் நிற்கும் கனசதுரம் நிலைப்பையும் குறிக்க, நிற்கவும் உருளவும் வல்ல உருளை இவ்விரண்டையும் இணைத்தது. கனசதுரத்தின் முகமொன்றின் நடுவில் நூல் கட்டி முறுக்கிவிட்டால், விளிம்புகள் மங்கி உருளை தெரியும். முனையில் கட்டிச் சுழற்றினாலோ, மேலும் கீழும் கூம்புகளும் நடுவே இடை ஒடுங்கிய உருவமும் தோன்றும். முரண்பட்டவை ஒன்றையொன்று தழுவியிருப்பதற்கு இது சான்றென ஃபிரோபெல் கருதியது சற்று அவசரமான முடிவே. ஆயினும் அந்த உருளையை வெறும் கண்மயக்கு என்று தள்ளவும் இயலாது: பார்வையின் தாமதத்தால் அது தென்பட்டாலும், சுழலும் கட்டை நிரப்பிச் செல்லும் இடம் உண்மையாகவே உருளை வடிவினது, அந்த உருளை மரத்தில் இல்லை, மனம் புனைந்ததும் இல்லை.

வடிவம் பொருளுக்கும் மனத்துக்கும் அப்பால் இருக்கிறது என்பதற்குப் பழைய வாதம் ஒன்று உண்டு: பிளேட்டோவின் ‘ஃபீடோ’ உரையாடலில், சமமாகத் தோன்றும் குச்சிகள் முழுச் சமத்துவத்தை எட்டுவதில்லை என்று அறிபவர், அந்தச் சமத்துவத்தைப் பிறப்புக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று சாக்ரட்டீஸ் வாதிடுகிறார். அட்டையைக் கையிலெடுத்த குழந்தைக்கு அவ்வளவு தொலைவான நினைவு தேவைப்படுவதாகத் தெரியவில்லை. ஆறு சதுரங்களை ஒட்டி வரைந்து கனசதுரமாக மடிக்கத்தக்க விரிப்பு வடிவங்கள் 11 உண்டு. அவற்றுள் ஒன்றை வெட்டி மடித்து, ஐந்து முகங்கள் பொருந்தி ஆறாவது மட்டும் நூலிழை அளவு மூடாமல் நிற்கும்போது, பிழையைக் காட்டுவது ஆசிரியரும் அல்லர், முற்பிறவி நினைவும் அன்று. ஒரு விளிம்பை இரண்டு முகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால் அந்த முகங்களே அதைக் காட்டிவிடுகின்றன. துருத்திய ஓரத்தைக் குழந்தை கத்தரித்தெடுக்கிறது. உடனே எதிர்ப்புறத்து விளிம்பு வாய் திறக்கிறது.