களிம்பும் நிய்யத்தும்

சென்ற மாதம் மக்ரிப் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் தயங்கியபடி என்னிடம் வந்தார். கையில் ஒரு சிறிய களிம்புக் குழாய். "ஹஜ்ரத், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நிறம் கொஞ்சம் மட்டு என்று அவள் உம்மா இதை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பூசுவது கூடுமா?" என்று கேட்டார். குழாயின் மேல் 'ஹைட்ரோகுவினோன்' என்று அச்சிட்டிருந்தது.

மஸ்அலா சொல்வதற்கு முன் பொருளை அறிய வேண்டும். ஹைட்ரோகுவினோன் ஓர் இரசாயனப் பொருள். கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கழுவும் கரைசலில் இதைச் சேர்ப்பார்கள். ஒளி பட்ட இடத்தை அங்கே இது கறுப்பாக்கிக் காட்டும். ஆலைகளில் சில திரவங்கள் தாமாகவே இறுகிப் போகாதபடி காக்கவும் இது உதவுகிறது. தோலில் பூசினாலோ, கருநிறத்தைத் தரும் மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. பொருள் ஒன்றே, இருட்டறையில் கறுப்பைக் கொண்டுவருவது முகத்தில் கறுப்பைக் குறைக்கிறது.

அந்த மெலனின் வீணான ஒன்றல்ல. வெயிலின் கொடுமையிலிருந்து தோலைக் காக்க அல்லாஹுதஆலா அமைத்த திரை அது. களிம்பை நிறுத்தினால் பழைய நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். அதனால் நிறுத்த மனம் வராது. அளவு மீறி நெடுங்காலம் பூசியவர்கள் சிலருக்கு முகத்தில் நீலங்கலந்த கருந்திட்டுகள் படிந்து, எளிதில் நீங்காமல் நின்றுவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவில் இத்தகைய களிம்புகளைப் பூசிய பெண்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள் 1975-ல் எழுதி வெளியிட்டார்கள். வெளுப்பு தேடிய முகத்துக்குக் கிடைத்தது கருந்திட்டு!

இனி மார்க்கத்துக்கு வருவோம். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்நாற்றம் கொண்டபோது, தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், குறையை நீக்க அனுமதி கிடைத்தது. எனவே பிள்ளைப்பேற்றுக்குப் பின் விழும் மங்கு போன்றவற்றுக்கு, மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் மட்டும் இதைப் பூசுவது சிகிச்சை. அது கூடும்.

ஆனால் பிறந்த நிறம் நோயா? மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அறிவுடையோருக்கான அத்தாட்சி என்கிறது ரூம் அத்தியாயத்தின் 22-வது வசனம். 'மருதாணியும் சுர்மாவும் ஆகுமென்றால் இது மட்டும் ஏன் ஆகாது?' என்று கேட்கலாம். மருதாணி, அல்லாஹ் தந்த கையை அழகு செய்கிறது. இந்தக் களிம்போ, தந்ததே போதாது என்ற எண்ணத்தில் பூசப்படுகிறது. அதோடு தீங்கும் சேர்கிறது. தீங்கு செய்துகொள்ளவும் கூடாது, செய்யவும் கூடாது என்பது நம் சட்டத்தின் அடிப்படை.

இவ்வளவு சொன்ன பிறகும் குற்றத்தை அந்தப் பெண்ணின் மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அவளைக் களிம்பைத் தேட வைத்தது யார்? சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். "எல்லாம் சரி, நிறம்தான்..." என்று வீட்டில் பேச்சு இழுத்தது. ஹதீஸ் ஓதிக் கொடுக்கும் நான் அன்று வாய் திறக்கவில்லை. அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, 'உம்மிடம் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது' என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது புகாரியில் உள்ளது. தாயின் கறுப்பு நிறத்தைச் சொல்லியே அவர்கள் இழித்ததாக வேறு அறிவிப்புகள் கூறுகின்றன. அந்தக் கண்டனம் என் மௌனத்துக்கும் பொருந்தும்.

அந்தச் சகோதரரிடம், "முகத்தில் மங்கு ஏதும் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் இதை நிறுத்திவிடுங்கள். உங்கள் மகளிடம் குறையில்லை என்பதை வாப்பாவாகிய நீங்களே அவளிடம் சொல்லுங்கள்" என்றேன். அவர் கண் கலங்கிப் போனார்.

பெண் தேடும் வீட்டாரே! மார்க்கப்பற்றையும் குணத்தையும் விசாரியுங்கள். நிறத்தைப் பற்றிக் கேட்கும் முன், அதைக் கொடுத்தவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் பார்வையைச் சீராக்குவானாக! ஆமீன்.