மோதிரமும் மடிக்கணினியும்

மறந்தவனை விட, மறக்கப்பட்டவன்தான் அதிகம் அவமானப்படுகிறான். காளிதாசனின் சகுந்தலையை நினைத்துப் பாருங்கள். மறந்தவன் துஷ்யந்தன். ஆனால் அரசவையில் தலைகுனிந்து நின்றவள் அவள். நடந்தது ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. மோதிரம் மட்டும் விரலில் இல்லை. மோதிரம் இல்லாத உண்மை அந்தச் சபையில் செல்லவில்லை. துர்வாசரின் சாபம் என்று சொல்லிக் கவி அரசனைக் காப்பாற்றிவிட்டார். இல்லாவிட்டால் அந்த மனிதனை நாம் என்னவெல்லாம் சொல்லியிருப்போமோ!

நம்மைத் தெரிந்தவர்களே நம்மிடம் அடையாளம் கேட்டால் அது அவமதிப்பா? புராண காலத்துக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. என் தம்பி மகன் அண்மையில் இதே கேள்வியை ஒரு மடிக்கணினியோடு சேர்த்து என் முன்னால் கொண்டு வந்து வைத்தான்.

அவன் செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். பரனூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் உத்தியோகம். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. தங்கை கல்யாணத்துக்காக இரண்டு வாரம் லீவு போட்டான். லீவுக்கு முந்தைய நாள்தான் ஆபீஸ் விதிப்படி பாஸ்வேர்டை மாற்றியிருந்தான். பந்தல்காரர், சமையல்காரர், சம்பந்தி வீட்டார் கோபதாபங்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் புதிய சொல்லைச் சுத்தமாக அழித்துவிட்டன. நினைவுக்கு வந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தான். இயந்திரம் கதவை அடைத்துக்கொண்டது. பிறகு எதையோ மாற்றப் போக, நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கேட்டது.

ஆபீசின் உதவிப் பிரிவுக்குப் போன் செய்தான். எடுத்தவன் அவனுடைய கல்லூரித் தோழன். பத்து நாளைக்கு முன்னால் அதே கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். "நீதான்னு எனக்குத் தெரியும்டா. ஆனா எனக்குத் தெரியும்கிறது இங்கே செல்லாது" என்றானாம். ஊழியர் எண் கேட்டான். பதிவு செய்த கைப்பேசிக்கு ஓர் எண்ணை அனுப்பி, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னான். மேலதிகாரியின் சம்மதம் வரும்வரை நிறுத்தி வைத்தான். கடைசியில் வீடியோவில் அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னான். இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

"என் குரல் அவனுக்குத் தெரியாதா, பெரியப்பா? எங்க வீட்டுச் சோறு சாப்பிட்டுட்டு, நீ யாருன்னு கேக்கிறான்!" என்று குமுறினான் பையன். "வரட்டும் அவன், காப்பிகூடக் கொடுக்க மாட்டேன்" என்று அவன் தாயாரும் சேர்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட மனம் வரவில்லை.

ஏனென்றால் நாம் வளர்ந்த உலகம் சாட்சிகளின் உலகம். பத்திரப் பதிவு அலுவலகத்தில், "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டமே, வந்திருப்பவர் இன்னார்தான் என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும் என்கிறது. அந்தத் திருப்தியைக் கொடுத்தது பெரும்பாலும் ஒரு மனிதரின் வாய்ச்சொல். சொன்னவர் தம் மானத்தைப் பணயம் வைத்துத்தான் சொன்னார். இன்று அந்த வேலையை இயந்திரம் ஏற்றிருக்கிறது. வயல் வேலையில் விரல் ரேகை தேய்ந்துபோன கிழவர் ரேஷன் கடைக் கருவியில் விரலை வைக்கிறார். கருவி இல்லை என்கிறது. கடைக்காரருக்கு அவரை முப்பது வருஷமாகத் தெரியும். உழைத்து உழைத்துத் தேய்ந்த விரல், அதே காரணத்தால் அவரை அந்நியராக்கிவிட்டது. இதைக் கண்டு கோபப்படாதவனை நான் நம்பமாட்டேன்.

அப்படியானால் பையனுக்கும் கிழவருக்கும் நேர்ந்தது ஒரே அநியாயமா? யோசித்துப் பார்த்ததில், இல்லை என்றே எனக்குப் படுகிறது. கிழவர் கேட்டது தம் சோறு. அவரிடம் அத்தாட்சி இல்லை என்பதற்காக அதை நிறுத்தினால் பட்டினி கிடப்பவர் அவரே. பையன் கேட்டதோ மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பெட்டியின் சாவி. முகமறியாத எத்தனையோ பேருடைய கணக்கு வழக்குகள் அதற்குள் இருக்கின்றன. தன் பொருளைத் தோழனுக்காகப் பணயம் வைக்கலாம். ஊரார் பொருளைத் தோழமைக்குப் பணயம் வைக்க அவனுக்கு ஏது உரிமை? 2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்து ஊழியர்களுக்குச் சிலர் தொலைபேசியில் பேசி, தாங்களும் அந்த ஆபீஸ் ஆட்களே என்று நம்பவைத்து உள்ளே நுழைந்தார்கள். ஒபாமா முதலிய பிரமுகர்களின் கணக்குகளிலிருந்து மோசடி விளம்பரம் வெளிவந்தது. பலே திருடர்கள் என்று எண்ணவேண்டாம். முக்கியமானவன் பதினேழு வயதுப் பையன். அவன் உடைத்தது பூட்டை அல்ல, எதிரே இருந்தவரின் நம்பிக்கையை.

இன்னொரு விஷயம் பையன் சொன்ன கதையிலேயே இருந்தது, அவன்தான் கவனிக்கவில்லை. அந்தத் தோழன் இரண்டரை மணி நேரமும் போனை வைக்கவில்லையாம். உதவிப் பிரிவில் அழைப்பைச் சீக்கிரம் முடிப்பவனுக்குத்தான் நல்ல பெயர். மேலதிகாரியைத் தேடிப் பிடித்ததும் அவன்தான். கதவைத் திறக்க மறுத்தான்; ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நண்பனோடு நின்றான். காப்பியை மறுப்பது நியாயமில்லை என்று பையனின் தாயாரிடம் சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை.

பாஸ்வேர்டின் பிறப்பே ஒரு கூட்டுக்குடித்தனத்தில்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1961-இல் கோர்பாட்டோ என்பவரும் அவர் சகாக்களும் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தார்கள். ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்க வைத்த தடுப்பு அது. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய சொற்களும் இருந்த பட்டியலையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். அந்த நாளில் சொல்லை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். பிற்பாடு புத்தி வந்தது. இப்போதெல்லாம் சொல்லை மாவாக அரைத்து, மாவை மட்டுமே வைத்திருக்கிறார்கள். மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. நீங்கள் மறுபடி சொல்லைக் கொடுத்தால் மறுபடி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். ஒவ்வொருவர் மாவும் வேறுபடும்படி ஒரு துணுக்கு வேறு சேர்க்கிறார்கள். அதற்கு உப்பு என்றே பெயர்!

ஆகவே நீங்கள் மறந்த சொல் ஆபீசுக்கும் தெரியாது, இயந்திரத்துக்கும் தெரியாது. அதை யாரும் உங்களுக்கு மீட்டுத் தர இயலாது. நீங்கள் இன்னார்தான் என்று யாராவது ஏற்றுக்கொண்டால் புதிதாக ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். இவ்வளவு தந்திரமும் செய்து முடித்த பிறகு, கடைசி வாசலில் ஒரு சாட்சி வந்து நிற்க வேண்டியிருக்கிறது!

சாட்சியும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் போதும். பல்லவர்கள் கல்லில் தங்கள் பட்டப்பெயர்களைப் பொறித்தார்கள். எழுத்து அழியவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள்தாம் அற்றுப்போனார்கள். ஊரார் என்ன செய்தார்கள்? தாங்களாகவே புதுப்பெயர் சூட்டினார்கள்: தர்மராஜ ரதம், பீம ரதம், திரௌபதி ரதம் என்று. பாண்டவர்களுக்கும் அந்தக் கோயில்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அந்த எழுத்துகளைப் படித்து 1830-இல் அச்சிட்டார். நம் பரமார்த்த குரு கதையை 1822-இல் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் இவரே.

கல்லைத் திறந்ததும் ஒரு வகையில் சாட்சியந்தான். நம் பண்டிதர்கள் சமஸ்கிருதம் எழுதிவந்த கிரந்த எழுத்து, பல்லவ எழுத்தின் வழித்தோன்றல். உயிரோடிருந்த சந்ததி, மறைந்த மூதாதைக்கு ஜாமீன் நின்றது. வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. அங்கே ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் அதே சுலோகங்களைப் பொறித்திருக்கிறார்கள். வடக்கத்தியரும் படிக்கட்டும் என்று அரசன் நினைத்தானோ என்னவோ, ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கட்டும் என்பதுபோல அமைந்துவிட்டது.

தர்மராஜ ரதத்தின் மேல்தளத்தில், அது அத்யந்தகாமன் என்ற பல்லவனின் ஈசுவரர் கோயில் என்று வெட்டியிருக்கிறது. கதவு திறந்தது, பெயரும் கிடைத்தது. ஆனால் அந்த அத்யந்தகாமன் யார்? மாமல்லனா, பரமேசுவரனா, ராஜசிம்மனா? மாமல்லபுரத்துப் பணிகள் எல்லாமே ராஜசிம்மனுடையவை என்று நாகசாமி 1962-இல் எழுதினார். மாமல்லன் பக்கம் வாதாடுகிறவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாமல்லனுக்கும் ராஜசிம்மனுக்கும் நடுவே இரண்டு தலைமுறை அரசர்கள் இருக்கிறார்கள். பட்டப்பெயர் பலருக்குப் பொருந்துகிறது. அதைச் சூடிய ஆள் முன்வந்து நிற்கப் போவதில்லை. கீழே மணலில் வழிகாட்டி மட்டும் கொஞ்சமும் தயங்காமல், இதுதான் தர்மராஜா ரதம், தம்பிமார்களுடையது பக்கத்தில் வரிசையாக இருக்கிறது என்று குழந்தைகளுக்குக் கைநீட்டிக் காட்டுகிறார்.