வற்றாத மகிழ்ச்சி

மகிழ்ச்சியை நாடாத மாந்தர் இலர். ஆயினும் நாம் மகிழ்ச்சி என்று பெயரிட்டு அழைப்பவற்றுள் பெரும்பாலானவை புறத்தேயிருந்து வருபவை; வந்த வழியே திரும்பிச் செல்பவை. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நாம் இதனை நன்கறிவோம். முதல் தேதியன்று முகத்தில் தோன்றும் மலர்ச்சி இருபதாம் தேதி வரை நிலைப்பதில்லை. பதவி உயர்வு தந்த களிப்பை ஓர் இடமாற்ற ஆணை கலைத்துவிடுகிறது. நோயும் பிரிவும் வறுமையும் சூழ்ந்த காலத்திலும் நிலைத்து நிற்கும் மகிழ்ச்சி ஒன்று உண்டா? உண்டெனில், அது பிறர் துயர் காணாத கல்மனம் ஆகாதா? இவ்விரு வினாக்களுக்கும் கிறித்தவ நெறி கூறும் விடை சிந்திக்கத்தக்கது.

பவுல் அடிகள் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் நான்கே அதிகாரங்கள் கொண்டது. விலங்கு பூண்ட நிலையில் எழுதப்பட்ட அதில் மகிழ்ச்சி என்னும் சொல் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. பிலிப்பி நகரில் முன்னரே அடிபட்டுச் சிறையிருந்தவர் அவர். அச்சிறையிலும் நள்ளிரவில் தோழர் சீலாவுடன் இறைவனைப் பாடினார் என்பது வரலாறு. நிறைவிலும் குறைவிலும் மன அமைதியோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகவே அவர் எழுதுகிறார். கற்றுக்கொண்டது எனின், அது பிறவிக் குணம் அன்று. பயிற்சியால் வந்த பேறு. எளியவர்க்கும் அது எட்டும் என்பதே இதன் பொருள்.

இம்மகிழ்ச்சி கண்ணீருக்குப் பகையன்று. இயேசு பெருமான் இலாசருவின் கல்லறையருகே அழுதார். கெத்செமனேயில் உள்ளம் கலங்கினார். எனவே துன்பத்தை உணராதிருத்தலைக் கிறித்தவம் மகிழ்ச்சி என்று கூறவில்லை. துன்பத்தினூடே இறைவன் உடன் இருக்கிறான் என்னும் உறுதியையே அவ்வாறு கூறுகிறது.

இவ்வுண்மைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1858இல் பிறந்த பண்டிதை இரமாபாய், தந்தையிடமும் தாயிடமும் வடமொழி கற்றவர். 1870களின் பஞ்சக் கொடுமையில் தந்தை, தாய், தமக்கை ஆகிய மூவரையும் இழந்தார். பின்னர் தமையனையும், 1882இல் கணவரையும் இழந்து, கைக்குழந்தையோடு நின்றார். 1883இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றார். ஆயினும் அன்றே மனநிறைவு வந்துவிடவில்லை. கிறித்தவ சமயத்தைக் கண்ட தாம் கிறித்துவைக் கண்டது ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்த பின்னரே என்ற கருத்தைப் பிற்காலத்தில் அவரே வெளியிட்டார். 1907இல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு, குறையாத செல்வத்தைப் பற்றிய சாட்சி என்னும் பொருள்படப் பெயரிட்டார். இத்தனை இழந்தவர் குறையாத செல்வம் என்று எதனைச் சொன்னார்?

விடையை அவர் செயலில் காணலாம். 1896–97இல் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, தம் இளமைப் பசியை மறவாத அவர் மத்திய மாகாணப் பகுதிகளுக்குச் சென்று, ஆதரவற்ற சிறுமியரையும் கைம்பெண்களையும் அழைத்து வந்தார். புனேக்கு அருகே கேட்காவில் அவர் நிறுவிய முக்தி இல்லத்தில் நூற்றுக்கணக்கானோர் உணவும் கல்வியும் கைத்தொழிலும் பெற்றனர். 1921இல் ஒரே மகள் மனோரமாவும் மறைந்தார். அப்பொழுதும் விவிலியத்தை மராத்தியில் பெயர்க்கும் பணியை அவர் கைவிடவில்லை. அதனை முடித்து, 1922 ஏப்ரலில் கண் மூடினார்.

வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமையை அடுத்து இடுக்கணழியாமையை வைத்தார். முயற்சியுடையார்க்கே துன்பத்தில் தளராத உள்ளம் வாய்க்கும் என்பது அவ்வைப்பு முறையின் குறிப்பாகலாம். இரமாபாயின் வாழ்வும் இதனையே காட்டுகிறது. தன் துயரை மட்டும் எண்ணியிருப்பவனுக்குத் துயர் பெருகும். பிறர் துயர் துடைக்க எழுபவனுக்கு உள்ளே ஓர் ஊற்றுத் திறக்கும். அவ்வூற்றின் கண் இறைவன் என்கிறது கிறித்தவம்.

ஆகவே, நம் மகிழ்ச்சி நிலையானதா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு. அது அண்டை வீட்டாரின் அழுகுரலுக்குக் கதவை அடைக்கிறதா, திறக்கிறதா? அடைப்பது வெறும் களிப்பு. நாளை அதுவும் நம்மை விட்டு நீங்கும். திறப்பதே வற்றாத மகிழ்ச்சி. துன்பம் மிகுந்த காலங்களில் நாம் தேட வேண்டியதும் அதுவே.