ஏலம் முடிந்தது, வண்டி இன்னும் வீடு சேரவில்லை



இந்த மாதம் உங்களோடு ஒரு லாரியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. கழுதையைக் கொண்டு பிலேயாமோடு பேசின தேவன், லாரியைக் கொண்டு நம்மோடு பேசமாட்டாரா?

தாம்பரம் பக்கம் இருக்கிற நமக்குப் பட்டாள வண்டி புதுசு இல்லை. பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி, பல்லாவரத்தில் கன்டோன்மென்ட், தாம்பரத்தில் விமானப்படை நிலையம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பச்சை லாரி வரிசையாகப் போனால் நம் பிள்ளைகள் நின்று சல்யூட் அடிக்கும். அந்த லாரிக்கு வயசானால் என்ன ஆகும்? பட்டாளம் அதை ஏலம் போட்டு விற்றுவிடும். 'மிலிட்டரி டிஸ்போசல்' என்று நம் ஜனங்கள் சொல்வது அதைத்தான். 1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மிஞ்சின ஜீப்புகளும் லாரிகளும் இப்படித்தான் விற்கப்பட்டன. அன்று வந்த பேச்சு இன்றும் நிற்கிறது.

ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் நான் பல்லாவரம், திரிசூலம் கல்குவாரிகளில் பதினொரு வருஷம் லாரி ஓட்டினவன். 2001-ல் நம் சபைச் சகோதரர் ஒருவர் ஜபல்பூரில் ஏலத்தில் ஒரு சக்திமான் லாரி எடுத்தார். "பாஸ்டர், நீங்க கூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார். ஒரு மெக்கானிக் தம்பியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராக ரயில் ஏறினோம். சக்திமான் என்றதும் அப்போது பிள்ளைகள் டி.வி.யில் பார்த்தார்களே, அந்த ஆள் இல்லை. ஜெர்மனியின் மான் கம்பெனி தொழில்நுட்பத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த பட்டாள லாரி அது. தொண்ணூறுகளில் அதன் உற்பத்தி நின்று, நம் அசோக் லேலண்டின் ஸ்டாலியன் அந்த இடத்துக்கு வந்தது.

ஜபல்பூரிலிருந்து தாம்பரம் சுமார் 1,500 கிலோமீட்டர். நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு என்று நாலு பெரிய ஆறுகளைத் தாண்டணும். ஏலச் சுத்தியல் விழ ஒரு நொடி. வீடு வந்து சேர எங்களுக்கு ஆறு நாள். இஸ்ரவேல் ஜனத்தைப் பாருங்கள். பஸ்கா ஆட்டுக்குட்டியின் இரத்தத்தால் மீட்கப்பட்டது ஒரே ராத்திரியில். கானான் போய்ச் சேர நாற்பது வருஷம். மீட்பு ஒரு நொடி, வழிப்பயணம் நெடுந்தூரம். இதை மறந்துபோனதால் எத்தனை ஆத்துமாக்களை நாம் நடுரோட்டில் விட்டிருக்கிறோம்!

1. இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்

அரசாங்க ஏலத்தில் ஒரு நிபந்தனை உண்டு. 'ஆஸ் ஈஸ், வேர் ஈஸ்' என்பார்கள். வண்டி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் விற்பனை. பேட்டரி இல்லை, டயர் வெடித்திருக்கிறது என்று பிறகு போய்ச் சொல்ல முடியாது. வாங்குகிறவன் எல்லாவற்றையும் பார்த்து, தெரிந்துதான் விலை சொல்லணும்.

நம் சகோதரர் தெரிந்துதான் வாங்கினார். சீட் கிழிந்திருந்தது. டயரில் பட்டன் தேயவே இல்லை, ஆனால் வருஷக்கணக்காய் வெயிலில் நின்று பக்கவாட்டு ரப்பர் வெடித்திருந்தது. இத்தனையும் பார்த்துவிட்டும், மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்த பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

நாம் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு நினைப்பூட்டுகிறார். தேவன் உன்னை வாங்கும்போது உன் கோபத்தை அறியாமலா வாங்கினார்? உன் பழைய கடன், உன் கெட்ட பழக்கம், உன் குடும்பச் சண்டை, எல்லாம் பார்த்துத்தான் விலை கொடுத்தார். "ஆண்டவரே, நான் இப்படிப்பட்டவன்னு தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பிடுவீங்களோ" என்று பயப்படுகிற தேவபிள்ளையே, அவருக்குத் தெரியாத எந்தக் கோளாறும் உன்னிடத்தில் இல்லை!

2. பழைய நம்பர் செல்லாது

பட்டாள வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மேல்நோக்கின ஒரு அம்புக்குறி, வாங்கின வருஷத்தைக் காட்டும் இரண்டு எண், ஒரு எழுத்து, வரிசை எண். ஏலம் போன பிறகு அந்த நம்பரோடு ரோட்டில் போக முடியாது. பட்டாளம் கொடுக்கிற ஒரிஜினல் விற்பனைச் சான்றை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து, புது நம்பர் வாங்கணும். எங்கள் சகோதரர் அங்கேயே தற்காலிக ரிஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்சும் போட்டுத்தான் வண்டியை வெளியே எடுத்தார்.

நிறமும் மாறணும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ம் விதி, அந்தப் பட்டாளப் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறது. எஜமான் மாறினால் நிறம் மாறியே ஆகணும். பழைய பச்சையை வைத்துக்கொண்டு "நான் இப்ப வேற ஆளோட வண்டி" என்று சொன்னால் யார் நம்புவார்?

இன்னொன்றையும் கவனித்தேன். வழியில் எத்தனை செக்போஸ்ட்! ஒரு இடத்திலும் "இன்ஜின் எப்படி ஓடுது?" என்று கேட்கவில்லை. "காகிதம் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். சாத்தானும் அப்படித்தான் மறிப்பான். அவனிடத்தில் உன் பெலனைக் காட்டாதே, உன் கிரயப் பத்திரத்தைக் காட்டு. 'நான் இன்னாருக்குச் சொந்தம்' என்ற ஒரு வார்த்தை போதும். அல்லேலூயா!

3. ஓடத் தொடங்கினால்தான் அழுக்கு மேலே வரும்

நர்மதைப் பாலம் தாண்டி லக்னாதோன் வருவதற்குள் இன்ஜின் இழுக்கவில்லை. ஃபில்டரைக் கழற்றினால் கரி மாதிரி அடைத்திருந்தது. டீசல் டேங்கின் அடியில் துருவும் கசடும் படிந்து கிடந்திருக்கிறது. யார்டில் நின்ற வரைக்கும் அது அமைதியாய் இருந்தது. வண்டி குலுங்கினதும் கலங்கி மேலே வந்துவிட்டது.

ஃபில்டரைச் சுத்தம் செய்து மாட்டினால் மட்டும் போதாது. குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்ப்பைக் கையால் அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வருகிற வரைக்கும் ஏர் எடுக்கணும். நாக்பூர் போவதற்குள் நாலு தடவை இதைச் செய்தோம். முதல் தடவை கருப்பு, நாலாம் தடவை டீத்தண்ணி நிறம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது.

"பாஸ்டர், உலகத்துல இருந்தப்ப நல்லாத்தான் இருந்தேன். இரட்சிக்கப்பட்ட பிறகுதான் எனக்குள்ள இவ்வளவு பிரச்சனை" என்று எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். இல்லை மகனே, அழுக்கு புதுசு இல்லை. நீ நின்றுகொண்டிருந்தாய், இப்போது ஓட ஆரம்பித்திருக்கிறாய். பயப்படாதே. அறிக்கை செய், முழங்காலில் நில், காற்று போகிற வரைக்கும் ஜெபி. நாலாம் தடவையோ நாற்பதாம் தடவையோ, தெளிந்த டீசல் வரும்.

4. தார் ரோட்டில் போர்க்களத்துக் கியர் வேண்டாம்

சக்திமானுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற சக்தி உண்டு. சேற்றிலும் மணலிலும் அது வேணும். காய்ந்த தார் ரோட்டில் முன் ஆக்சிலை விடுவித்து, பின் சக்கரத்தில் மட்டும்தான் ஓட்டணும். ஏன் என்றால், வளைவில் முன் சக்கரம் ஒரு தூரம் ஓடும், பின் சக்கரம் வேறொரு தூரம் ஓடும். இரண்டையும் ஒன்றாய்ப் பூட்டியிருந்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், டயர் தேயும், கடைசியில் கியரே உடையும். சேற்றில் சறுக்கி அந்த முறுக்கு தளர்ந்துவிடும். தார் ரோட்டில் தளர வழியில்லை.

சில விசுவாசிகள் இப்படி இருக்கிறார்கள். சபையில் பிசாசோடு போராடின அதே குரலில் வீட்டில் மனைவியோடு பேசுகிறார்கள். பிள்ளை மார்க் குறைந்தால் அதற்கும் யுத்தம். சகோதரனே, வீட்டு ரோடு தார் ரோடு. யுத்தக் கியரை விடுவித்துவிட்டு உள்ளே வா. இல்லாவிட்டால் உடைவது பிசாசு இல்லை, உன் குடும்பம்.

5. நின்றுபோன வண்டியும் வாங்கப்பட்ட வண்டிதான்

மூன்றாம் நாள் ஆதிலாபாத் தாண்டி, நிர்மல் மலைப்பாதையில் இறங்குவதற்கு முன் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மெக்கானிக் தம்பி கீழே குனிந்து பார்த்துவிட்டு, "பாஸ்டர், பிரேக் ஹோஸ் கசியுது. இறங்கினா செத்தோம்" என்றான். கர்த்தர் காத்தார். ஆனால் வண்டி அங்கேயே ஒன்றரை நாள் நின்றது.

நான் லாட்ஜ் தேடலாமா என்றேன். சகோதரர் ஒரு சாக்கை லாரிக்கு அடியில் விரித்தார். "நீங்க போங்க பாஸ்டர். என் பேர் எழுதின வண்டி. விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது" என்றார். அன்று ராத்திரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து மனைவிக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி. "வண்டி என்னிக்கு வீட்டுக்கு வரும்?" ஏன் வாங்கினீங்க என்று கேட்கவில்லை.

காலையில் நாமக்கல் லாரி ஒன்று நின்றது. "ஏனுங்க, தமிழ்நாடுங்களா? வண்டிக்கு என்னங்க ஆச்சு?" என்று டிரைவர் இறங்கி வந்தார். எங்களுக்குச் சோறு போட்டு, மெக்கானிக் தம்பியை நிர்மல் வரைக்கும் கூட்டிப்போய், புது ஹோஸ் வாங்க உதவி செய்தார். எந்தச் சபை, எந்த ஜாதி என்று கேட்கவில்லை. நின்ற வண்டியைப் பார்த்தார், நின்றார். நல்ல சமாரியன் வேறு யார்?

சமீபத்தில் ஒரு தாயார் என்னிடத்தில் அழுதார். அவர் மகன் ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம். மறுபடி பிராந்திக் கடை வாசலில் அவனைப் பார்த்திருக்கிறார்கள். நம் சபையிலேயே சிலர், "அவன் இரட்சிப்பே பொய்" என்று சொன்னார்களாம். தேவஜனமே, உங்களை ஒன்று கேட்கிறேன். நிர்மல் மலையில் வண்டி நின்றதால் ஜபல்பூர் ஏலம் ரத்தாகிவிட்டதா? கொடுத்த பணம் திரும்பி வந்ததா? இல்லையே! வண்டி பழுது, ஆனால் வண்டி அவருடையது.

நின்ற இடத்திலேயே குடியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கசிகிற பிரேக்கோடு இறங்கினால் சாவு நிச்சயம். பாவத்தைப் பாவம் என்று சொல்லத்தான் வேணும், அந்த ஹோஸைக் கழற்றி எறியத்தான் வேணும். ஆனால் கசிவைக் கண்டுபிடித்த தம்பி வண்டியைத் திட்டிவிட்டுப் போகவில்லை, பஸ் ஏறி ஊருக்குத் திரும்பவில்லை. கையில் கிரீஸ் பட வேலை செய்தான். அவனைப்போல் நமக்குள் எத்தனை பேர்? லூக்கா எழுதின சுவிசேஷத்தில் மேய்ப்பன் ஆட்டைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. தோளில் போட்டு வீடு வரைக்கும் சுமந்தான், வீடு வந்த பிறகுதான் அயலகத்தாரைக் கூட்டினான். நாமோ கண்டுபிடித்த அன்றைக்கே கை தட்டிவிட்டு, ஆட்டை ரோட்டில் விட்டுவிடுகிறோம்.

6. எதற்காக வாங்கப்பட்டது?

ஆறாம் நாள் சாயங்காலம் அந்த லாரி தாம்பரம் வந்தது. நிறம் மாறி, புது நம்பர் வாங்கி, கல்லும் மணலும் ஏற்றியது. 2015 டிசம்பரில் மழை கொட்டினது நினைவிருக்கிறதா? 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. காரும் ஆட்டோவும் நுழைய முடியாத தெருக்களில், தரையிலிருந்து உயர்ந்து நிற்கிற அந்தக் கிழட்டு லாரி மெதுவாய்ப் போனது. ரொட்டியும் பால் பவுடரும் உள்ளே போயின. வயசானவர்களும் கைக்குழந்தைகளும் வெளியே வந்தார்கள். யுத்தத்துக்குச் செய்த இரும்பைத் தேவன் உயிர் காக்கிற இரும்பாக மாற்றுவார் என்று ஏசாயா தீர்க்கன் கண்டதை என் கண்ணும் கண்டது. நிர்மல் மலையில் 'இது தேறாது' என்று விட்டுவந்திருந்தால், அன்றைக்கு அந்தக் குழந்தைகளை யார் ஏற்றியிருப்பார்கள்?

பிரியமானவர்களே, உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், வழியில் நின்றுபோன ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பிரசங்கம் வேண்டாம். ஒரு வேளைச் சோறு கொண்டுபோங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நின்றுபோனது நீங்கள்தான் என்றால் கேளுங்கள்: உங்களை வாங்கினவர் லாட்ஜுக்குப் போய்விடவில்லை. உங்கள் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார்.

ஜெபம்: அன்புள்ள ஆண்டவரே, எங்களை இருக்கிற நிலையில் வாங்கினீரே, ஸ்தோத்திரம். நடுவழியில் நிற்கிறவர்களை நினைத்தருளும். அவர்களைக் கடந்துபோகாத கால்களையும், கறைபட அஞ்சாத கைகளையும் எங்களுக்குத் தாரும். ஒருவரும் வழியில் விடப்படாமல் வீடு சேரக் கிருபை செய்யும். ஆமென்.