அபாயக் குரலுக்குச் செவி கொடுப்போர்



மதீனாவில் ஓர் இரவு திடீரென்று ஒரு பெருஞ்சப்தம் எழுந்தது. ஜனங்கள் பீதியடைந்து, சப்தம் வந்த திக்கை நோக்கி ஓடினார்கள். எதிரே நமது நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சேணம் பூட்டாத அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரை மீது, கழுத்தில் வாளைத் தொங்கவிட்டபடி, எல்லாருக்கும் முன்னதாகவே போய்ப் பார்த்துவிட்டு, அஞ்ச வேண்டியதில்லை என்று ஜனங்களைத் தேற்றினார்கள். புகாரி ஷரீபில் வரும் இந்தச் சம்பவத்தை நாயகத்தின் வீரத்துக்கு உதாரணமாக ஆலிம்கள் எடுத்துச் சொல்வார்கள். நாம் அதில் வேறொன்றையும் கவனிக்கிறோம். குதிரைக்குச் சேணம் பூட்டக்கூட அவர்கள் நேரம் செலவிடவில்லை.

இன்று நம் ஊரில் நள்ளிரவில் அப்படியொரு சப்தம் கேட்டால் முதலில் செவி கொடுப்பவர் யார்? சிங்கப்பூரில் நெருப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 995, போலீசுக்கு 999. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999 ஒன்றே. அந்த எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் மனிதரை நாம் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. கட்டட நிதிக்கு நன்கொடை தந்தவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், அது சரிதான். ஆனால் மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிவந்த பெண்மணி மௌத்தானபோது, அற்பமான செய்தி என்று ஸஹாபாக்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நாயகமோ அவரைக் காணவில்லையே என்று விசாரித்து, கப்ரைத் தேடிச் சென்று தொழுதார்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாகமாட்டான் என்பதும் அவர்கள் போதித்ததே.

இந்த எண்கள் தாமாக முளைத்தவை அல்ல. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டார்கள். எதிர்வீட்டார் தீயணைப்புக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். மற்ற அழைப்புகளோடு அவருடையதும் வரிசையில் நின்றுவிட்டது. அவர் பத்திரிகைக்கு எழுதினார், விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30ல் 999 பிறந்தது.

இனிச் சொல்லப்போவது வியாபாரிகள் அவசியம் கேட்க வேண்டிய விஷயம். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு விடுதி அறையில், காரி என்ற பெண்ணை அவளைப் பிரிந்திருந்த கணவனே கத்தியால் தாக்கினான். அவளுடைய ஒன்பது வயது மகள், அந்நாட்டு அபாய எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தினாள். பெற்றோர் கற்றுக்கொடுத்தபடிதான் செய்தாள். விடுதித் தொலைபேசியிலோ வெளித்தொடர்புக்கு முதலில் ஒரு 9 அழுத்த வேண்டும். குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அழைப்பு போகவில்லை. தாய் இறந்தாள்.

மகளைப் பறிகொடுத்த தகப்பனார் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. இலட்சக்கணக்கான ஜனங்களிடம் கையொப்பம் திரட்டி, சட்டசபைகளின் வாசல்களில் ஏறி இறங்கினார். 2018 பிப்ரவரி 16ல் காரி சட்டம் கையெழுத்தாயிற்று. அந்நாட்டில் 911க்கு முதல் அழைப்பு போன நாளிலிருந்து சரியாக 50 ஆண்டு. 2020 பிப்ரவரிக்குப் பின் அங்கே விற்கும், பொருத்தும் இத்தகைய தொலைபேசி அமைப்புகளில் முன்னெண் எதுவுமின்றி நேரே 911 போக வேண்டும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்று திருமறை சொல்கிறதே, எந்தெந்த அறையில் எந்தெந்த உயிர் என்று அறியாமலே அந்தத் தகப்பனார் வழி திறந்துவிட்டார்.

சகோதரர்களே, நமது கடைகளிலும் கிடங்குகளிலும் வெளித்தொடர்புக்கு 9 அழுத்தும் தொலைபேசி இல்லையா? இரவில் கிடங்கில் தங்கும் பையனுக்கு அது தெரியுமா? வேடிக்கைக்காக 995ஐ அழுத்திப் பார்த்துவிடாதீர்கள். தொலைபேசி பொருத்தியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கிடங்கின் முகவரியைச் சொல்ல அவனுக்குத் தெரியுமா என்பதையும் கேளுங்கள். நம் பையன்களுக்குச் சொல்லத் தெரிவதெல்லாம் முதலாளியின் பெயரும் பக்கத்துக் கடையின் பெயரும்தான்.

நம்மிடமும் ஒரு குற்றம் உண்டு, சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நம் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சாய்ந்து விழுந்தார். நாம் செய்த முதல் காரியம் அவருடைய மகனுக்குப் போன் போட்டது. அவர் எடுக்கவில்லை, மறுபடியும் போட்டோம். கடைச் சிப்பந்தி, நம்மிடம் கேட்காமலே, 995ஐக் கூப்பிட்டுவிட்டான். மறுமுனையில் ஒரு பெண் குரல். மூச்சு இருக்கிறதா என்று கேட்டது. நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து அழுத்தச் சொல்லி, வண்டி வரும்வரை எண்ணிக்கொண்டே இருந்தது. பதற்றமே இல்லாத குரல். இப்படித் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்து நெஞ்சை அழுத்தவைக்கும் முறை சிங்கப்பூரில் 2012ல் வந்ததாம். அன்றுவரை நமக்குத் தெரியாது. பெரியவர் பிழைத்தார், அல்ஹம்து லில்லாஹ். சிப்பந்தியை நாம் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அன்று அவன் முகத்தை நேராகப் பார்க்க நமக்குக் கூச்சமாயிருந்தது.

அந்தப் பெண்மணி யார், எந்த மதத்தார் என்று இன்றளவும் தெரியாது. இவ்வாண்டு நோன்பு திறப்பு விருந்துக்கு அபாய அழைப்புகளை ஏற்போரில் சிலரை அழைத்து மரியாதை செய்ய வேண்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு மனு எழுதியிருக்கிறோம். கையொப்பமிட விரும்புகிறவர்கள் ஜும்ஆவுக்குப் பின் கடைக்கு வரலாம். முதல் கையொப்பம் சிப்பந்தியுடையது, இரண்டாவது நம்முடையது.