உயில் எழுதினால் ஆயுள் குறையுமா?

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கற்பகாம்பாள் சந்நிதியில் தீபாராதனை முடிந்து, பிராகாரத்தில் புன்னை மரத்தருகே வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய மாமி ஒருவர், கையில் அர்ச்சனைத் தேங்காயுடன். என்னை இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டு மெள்ளப் பேச்சுக் கொடுத்தார்.

‘‘ஏம்மா, நீ பக்திப் புஸ்தகத்துல எழுதற பொண்ணுதானே? ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியே?’’

‘‘கேளுங்க மாமி.’’

‘‘உயில் எழுதினா ஆயுசு குறையும்கறாளே... நிஜமா?’’

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால், என் பாட்டியும் இந்தப் பயத்தோடுதான் போய்ச் சேர்ந்தாள். ‘‘உனக்கப்புறம் இந்த வெள்ளி விளக்கு யாருக்குப் பாட்டி?’’ என்று சின்ன வயதில் விளையாட்டாகக் கேட்டதற்கு, ‘‘வாயைக் கழுவுடீ’’ என்று அதட்டியவள். ஐம்பது வருடம் ஒரு நாள் தவறாமல் அவள் ஏற்றிய விளக்கு அது. அவள் காலமான பதிமூன்றாம் நாளே இரண்டு அத்தைகளும், ‘‘அம்மா எனக்குத்தான் தரேன்னு சொன்னா’’ என்றார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. பாட்டி இரண்டு பேரிடமும் சொல்லியிருப்பாள், அவள் மனசு அப்படி! முடிவு என்ன தெரியுமா? விளக்கு இன்று வங்கி லாக்கரில் இருக்கிறது. பதினோரு வருடமாக அதில் ஒரு சொட்டு எண்ணெய் விழவில்லை.

உயில் அமங்கலம் என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறது? நான் தேடிப் பார்த்த வரை, நம் பெரியவர்கள் செய்து காட்டியதெல்லாம் இதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது. உத்தர காண்டத்தைப் பாருங்கள். ஸ்ரீராமர் சரயு நதியில் இறங்குவதற்கு முன், குசனுக்கும் லவனுக்கும் ராஜ்ஜியத்தைப் பிரித்துக் கொடுத்துப் பட்டாபிஷேகம் செய்துவைத்துவிட்டுத்தான் புறப்படுகிறார். தன் பிள்ளைகளுக்கு மட்டுமா? பரதன், லட்சுமணன் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் தனித்தனியே ஊர்கள் ஏற்பாடாகின்றன. ஒரு குழந்தையும் ‘எனக்கு எது?’ என்று பின்னால் நின்று கேட்கும்படி விடவில்லை.

இதே ராமாயணத்தில் இன்னொரு தகப்பனாரும் இருக்கிறார். தசரதர், யுத்த களத்தில் கைகேயிக்கு இரண்டு வரங்கள் தந்தார். என்ன வரம், எப்போது கேட்கலாம், ஒன்றும் பேசவில்லை. அந்த வரங்கள் வெற்றுக் காகிதம் போலப் பல வருடங்கள் கிடந்து, பட்டாபிஷேகத்துக்கு முந்தைய இரவில் வெளியே வந்தன. வாய்வார்த்தையாகச் சொல்லி வைப்பதன் விபரீதத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்!

‘எல்லாம் ஈஸ்வரனுடையது. போகும்போது எதைக் கொண்டுபோகப் போகிறோம்? இதில் பத்திரம் என்ன, பதிவு என்ன?’ என்று சிலர் வேதாந்தம் பேசுவார்கள். பட்டினத்தார் கதையில் வரும் ஊசியையும் துணைக்கு அழைப்பார்கள். நாம் கொண்டுபோக முடியாது என்பது சரி. ஆனால், நாம் விட்டுப் போவது இங்கேயேதான் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள்தான் முகம் பார்த்துப் பேசியாக வேண்டும்.

பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் துறவு மேற்கொள்ளக் கிளம்புகிறார். அவரைவிடப் பெரிய ஞானி யார்? அவர் முதலில் செய்ய நினைத்தது, மனைவியர் மைத்ரேயிக்கும் காத்யாயனிக்கும் இடையே சொத்தைத் தீர்த்துவைப்பதைத்தான். மைத்ரேயி, ‘இந்தச் செல்வத்தால் நான் அமரத்துவம் அடைவேனா?’ என்று கேட்டாள். அதற்குப் பிறந்த பதில்தான் உபநிஷத்தின் சிகரம். எல்லோரும் மைத்ரேயியைப் புகழ்கிறோம், புகழ வேண்டியவள்தான். ஆனால், எனக்கு எப்போதும் காத்யாயனியின் நினைவு வரும். அவள் எதுவும் கேட்டதாக அங்கே இல்லை. கணவர் போன மறுநாளும் அடுப்பு மூட்ட வேண்டியவள் அவள் என்பது மட்டும் நமக்குத் தெரியும்... நம்மைப் போல. ஞானத்தை உபதேசிக்கும் முன்பே அவளுக்கான சோற்றைப் பற்றி யோசித்தாரே, அந்த யாக்ஞவல்கியரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவ்வளவையும் சொன்னபோது மாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகுதான் உண்மையான விஷயம் வெளியே வந்தது.

மாமா போய்ப் பன்னிரண்டு வருடம். வீடு மாமியின் பெயரில். பெரிய பிள்ளை அமெரிக்காவில், பெண் கோயம்புத்தூரில்; இருவரும் தங்கமானவர்கள், தவறாமல் போன் செய்கிறார்கள். சின்னப் பிள்ளை ஏழு வருடங்களுக்கு முன் திடீரென்று தவறிவிட்டான். குழந்தை இல்லை. அவன் மனைவி, பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமியோடேயே இருக்கிறாள். சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மாமிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, குளிப்பாட்டிவிட்டது அவள்தான்.

‘‘எனக்கப்புறம் அவ எங்கே போவா? ஆனா, வயத்துல பொறந்ததுகளை விட்டுட்டு மருமகளுக்கு எழுதினா அது பாவமில்லையா? மூணு பேரையும் சமமாப் பாக்கணும் இல்லையா?’’

ஆயுசு பற்றிய கேள்வி வெறும் முன்னுரைதான்!

மறுநாள் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒரு பெண் காலமானால், அவள் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். இறந்துபோன பிள்ளைக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. ஆனால், அந்தப் பிள்ளையின் மனைவிக்கு? அந்த வரிசையில் இடமில்லை. மாமனார் பெயரில் உள்ள சொத்தாக இருந்தால் விதவை மருமகள் முதல் வரிசை வாரிசு. மாமியார் பெயரில் இருந்தால் அந்த வரிசையில் அவள் கிடையாது. ‘சமமாக இருக்கட்டும்’ என்று மாமி பேசாமல் இருந்துவிட்டால், குளிப்பாட்டிவிட்ட கைக்கு ஒரு செங்கல்கூட வராது.

இன்னொன்றும் சொன்னார். கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியே அனுப்பப்பட்ட ஒரு பெண்மணி, பெற்றோர் வீட்டில் படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். உயில் எழுதாமல் காலமானார். அவர் சுயமாகச் சம்பாதித்த பணம் தாய்க்கா, கணவர் வழி உறவினருக்கா என்று வழக்கு. 2009இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் வாசகம் அப்படி இருப்பதால் கணவரின் சகோதரி மகன்களுக்கே என்று தீர்ப்பளித்தது. பிள்ளை குட்டி இல்லாத பெண்ணின் சுய சம்பாத்தியம், கணவரும் இல்லாதபோது, பெற்ற தாயைத் தாண்டிக் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, இப்படிப்பட்ட நிலையில் உள்ள இந்துப் பெண்கள் உடனே உயில் எழுதிவிடுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தது. கோர்ட்டே கெஞ்சிக் கேட்கும்போது நாம் ராகு காலம், எமகண்டம் என்று தள்ளிப்போடலாமா?

சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யார் யாருக்குக் கஞ்சி கொடுத்தார்கள் என்பது சட்டத்துக்கு எப்படித் தெரியும்? அது ரத்தத்தை மட்டும் எண்ணிப் பார்த்துப் பங்கு போடும். சொல்லாமல் போனவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. கண்ணால் பார்த்தவர்கள், பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போவதற்குத்தான் உயில்.

அப்படியானால் யார் அதிகம் பார்த்துக்கொண்டார்களோ அவர்களுக்கே அதிகம் என்று வைத்துவிடலாமா? அங்கேதான் எனக்கும் தயக்கம். சேவைக்குப் பதில் சொத்து என்றால், அன்பு கூலியாகிவிடும். ‘உயிலை மாற்றிடுவேன், தெரியுமா?’ என்று மிரட்டும் பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் காபி டம்ளர் வைக்கப்படும் சத்தமே வேறு மாதிரி இருக்கும். மாமியின் மருமகளே, ‘‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நான் அதுக்காகவா செஞ்சேன்?’’ என்று அழுதிருக்கிறாள். அவள் சொல்வது சத்தியம். ஆனால், அவள் வேண்டாம் என்பதும், மாமி கொடுக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. எனக்குத் தோன்றியதை மாமியிடம் சொன்னேன். முதலில் யாருக்குத் தலைக்கு மேல் கூரை இல்லையோ, அதைப் பாருங்கள். அது கூலியும் இல்லை, பரிசும் இல்லை. காத்யாயனிக்கு வைத்த பங்கு மாதிரி. சமம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

மாமிக்கு வேறொரு யோசனையும் இருந்தது. வம்பே வேண்டாம், வீட்டை அம்பாளுக்கே எழுதிவிட்டால்? நசிகேதன் கதையைத்தான் ஞாபகப்படுத்தினேன். தகப்பனார், கறவை வற்றிய கிழட்டுப் பசுக்களை யாகத்தில் தானம் கொடுப்பதைப் பார்த்துத்தானே அந்தக் குழந்தைக்கு மனசு பொறுக்கவில்லை? தீர்க்க முடியாத தலைவலியைத் தெய்வத்தின் தலையில் கட்டுவதும் அந்த ரகம்தான். கொடுப்பதானால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இருப்பதுபோல் கொடுக்க வேண்டும். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். தினம் ஓர் உழக்கு நெய். ஆடுகளை எந்த இடையர் பொறுப்பேற்றார் என்பது வரை கல்லில் இருக்கிறது. கிழடானதற்குப் பதில் குட்டிகள் வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பதால், இப்படிப்பட்ட ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்றே பெயர்! கும்பகோணத்துப் பக்கம் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்த செம்பியன் மாதேவியார், பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டவைத்தார். யாரோ எப்போதோ எழுதிவைத்த தர்மம், தன் திருப்பணியால் காணாமல் போய்விடக் கூடாது என்ற பயம் அந்த மகாராணிக்கு.

மாமி கடைசியில் வழி கண்டுபிடித்தது அவராகவேதான். மருமகள் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை, மாடி வாடகை அவளுக்கு. அவளுக்குப் பிறகு வீடு பெரிய பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாதிப் பாதி. நகையில் எதெது யாருக்கு என்று ஒரு பட்டியல். அம்பாளுக்கு ஒரு ஜோடி வளையல். ஆயுள்கால உரிமை என்பதை எந்த வார்த்தையில் எழுதுவது என்பதில் சூட்சுமம் இருப்பதால், அதை வக்கீலிடமே விட்டோம்.

மற்றபடி, பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து இட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமல்ல, செய்தால் பின்னால் சந்தேகம் குறையும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். வங்கியில் ‘நாமினி’ போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிற கை, அவ்வளவுதான், உரிமை வாரிசுக்கு. சென்னை நகரச் சொத்து என்றால் உயிலைக் கோர்ட்டில் மெய்ப்பித்து ‘புரொபேட்’ வாங்கியே ஆக வேண்டும் என்று நம் ஊரில் அலைந்தவர்கள் நிறைய. சென்னை, மும்பை, கொல்கத்தா வட்டாரங்களுக்கென்று இருந்த அந்தக் கட்டாயத்தை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நீக்கிவிட்டது. ஆனால், உயிலை ஒருவர் மறுத்து வழக்குப் போட்டால், சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நம் வயதுக்காரர்களையே சாட்சியாகப் போடாமல், கொஞ்சம் இளையவர்களாகப் பாருங்கள்.

கஷ்டமானது வேறு. மாமி இதை இரண்டு குழந்தைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடத் தீர்மானித்தார். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘‘நீயே யோசிச்சதுக்கு தேங்க்ஸ்மா, எனக்குக் கேக்கத் தைரியம் வரல’’ என்றானாம். பெண்ணுக்கு வருத்தம். பதினைந்து நாள் போன் இல்லை. ‘‘அவ கோபம் இப்பவே வரட்டும். நான் இருக்கறப்போ வந்தா நான் சமாதானம் பண்ணுவேன். அப்புறம் வந்தா யாரும்மா பண்ணுவா?’’ என்றார் மாமி. பதினாறாம் நாள் பெண்ணே கூப்பிட்டு, அந்தப் பச்சைக்கல் அட்டிகை மட்டும் தனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

போன வாரம் என் செல்போன் ஒலித்தது. மாமிதான்.

‘‘வியாழக்கிழமை வக்கீல் ஆத்துக்கு வரார். ரெண்டு சாட்சி வேணுமாம். பக்கத்தாத்துப் பையன் ஒருத்தன் வரான், இன்னொருத்தி நீ வா. ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும், அதுக்கு முன்னாடி வந்துடு. அப்படியே சாப்பிட்டுட்டுப் போகலாம், அவ மோர்க்குழம்பு பண்றா.’’