வளையமும் வினையும்

கரிமச் சேர்மங்களில் அணுக்கள் சங்கிலியாக நீள்வதோடு வளையமாகவும் மூடிக்கொள்வதுண்டு. அவ்வளையத்தில் கரியணுக்களோடு நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் போன்ற வேற்றணு ஒன்றேனும் உறுப்பாக நின்றால் அது பல்லின வளையச் சேர்மம் எனப்படும். இன்று வழங்கும் சிறு மூலக்கூறு மருந்துகளில் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் சில மரப்பட்டையிலும் இலையிலும் விளைந்தவை, பல ஆய்வுக்கூடத்தில் கட்டப்பட்டவை. இயற்கையில் காணப்படாத வளையமொன்றை மனிதன் அமைக்கும்போது அவன் படைப்போன் ஆகிறானா, அதன் பயனுக்கும் கேட்டுக்கும் எந்த அளவில் பொறுப்பாகிறான் என்னும் வினாக்கள் வேதியியலின் எல்லையைக் கடந்து சமயத்தின் எல்லைக்குள் வருகின்றன.

மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை முதனூலாகக் கொண்ட சைவ சித்தாந்தம் இல்லது தோன்றாது, உள்ளதே வேறு வடிவில் வெளிப்படும் என்னும் சற்காரியவாதத்தை ஏற்று, எக்காரியத்துக்கும் மூன்று காரணம் கூறுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், அறிந்து செய்யும் குயவன் நிமித்த காரணம். இவ்வளவைப்படி வேதியியலார் புதுவளையத்துக்கு நிமித்த காரணமே. வளையத்தின் இயல்பு அவர் தந்ததன்று.

மலேரியா மருந்துகளின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். மலாயாத் தோட்டத்து மக்கள் கொயினா என்றழைத்த குயினைன், சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பெல்லெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவரால் பிரித்தெடுக்கப்பட்டது. பென்சீன் வளையமும் நைட்ரஜன் தாங்கிய பிரிடின் வளையமும் ஒரு பக்கத்தைப் பகிர்ந்து நிற்கும் குயினோலின் அதன் உறுப்பு. 1934-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஆண்டர்சாக் அதே குயினோலினைக் கருவாகக் கொண்டு ஆக்கிய சேர்மமே பின்னர் குளோரோகுயின் எனப்பட்டது. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் செரிக்கையில் விடுபடும் ஹீம் அதற்கே நஞ்சாதலால், அதனைக் கரையாத படிகமாக்கி ஒதுக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒட்டுண்ணியின் அமிலத்தன்மை மிக்க செரிமானப் பையில் குளோரோகுயினின் நைட்ரஜன்கள் புரோட்டானை ஏற்று மின்னூட்டம் பெறுவதால், மருந்து வெளியேற இயலாமல் அங்கேயே குவிந்து படிகமாதலைத் தடுக்க, ஒட்டுண்ணி தன் கழிவாலேயே மடிகிறது. புரோட்டானை ஏற்பது அந்நைட்ரஜன்களின் இயல்பு. அவ்வியல்பு நோயாளிக்கு உதவுமாறு அணுக்களைக் கோத்தது மனித அறிவு.

படைப்பைப் பற்றிய வினா இவ்வாறு அடங்கினும் பொறுப்பைப் பற்றிய வினா எஞ்சி நிற்கிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அவ்வினா கூர்மையாகிறது. 1896-இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபின், மாநிலமெங்கும் தோட்டங்கள் பரவின. மலாயாவின் குன்றுப்பாங்கான இடங்களில் காடு அழிக்கப்பட்டு ஓடைகள் வெயிலுக்குத் திறந்தபோது, வெயில்படும் தெளிநீரில் பெருகும் அனோபிலஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசு, லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் வரிசைவீடுகளை அடைந்தது. இத்தொடர்பை மருத்துவர் மால்கம் வாட்சன் தம் ஆய்வுகளில் விளக்கினார். பெரட்டு எனப்பட்ட காலை ஆள்கணக்கெடுப்பில் நின்ற பால்வெட்டுத் தொழிலாளருக்குக் கொயினா புகட்டப்பட்டது. 1930களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தார், மூன்று வளையங்கள் இணைந்த அக்ரிடின் வகையினதும் தோலை மஞ்சளாக்குவதுமான அட்டெப்ரினைக் கொயினாவோடு ஒப்பிட்டுத் தோட்டங்களில் சோதித்தனர். சோதனைக்கு உட்படுவோரின் தன்னிச்சையான இசைவு இன்றியமையாதது என வகுத்த நியூரம்பெர்க் நெறிமுறை 1947-இல்தான் வந்தது.

காய்ச்சலில் மடிந்தவரின் சாவை விதி என்று கூறி அமைவது எளிது; சித்தாந்தமும் ஒருவர் நுகரும் துன்பத்தைப் பிராரத்தம், அதாவது முன்வினையின் நுகர்ச்சி, என்கிறது. ஆயினும் இப்பிறவியில் புதிதாக ஈட்டும் வினையை ஆகாமியம் என அதே நூல்கள் வேறு பிரித்துக் காட்டுவதால், ஒருவரின் பிராரத்தம் நிறைவேறக் கருவியானவர் தம் ஆகாமியத்திலிருந்து விடுபடுவதில்லை. மக்களின் வழிபாடும் இதற்கு மாறானதன்று. மலாக்காவின் காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் என்னும் சமூகத்தார் முத்துமாரியம்மனுக்கு எடுக்கும் திருவிழா அம்மை நோயின் பெயரால் டத்தோ சாச்சார் என வழங்குகிறது. நோயைத் தருபவளும் தணிப்பவளும் அவளே என்னும் நம்பிக்கை மருந்தை விலக்குவதில்லை. காட்டை அழித்தவரின் கணக்கையும் அவள்மேல் ஏற்றுவதில்லை.

குயவனை மண்ணிலிருந்து பிரிப்பது அறிவே ஆகலின், பொறுப்பின் அளவும் அறிவின் அளவே ஆகும். ஓடைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை அறிந்த பின்னும் வடிகால் அமைக்காமல் மாத்திரையோடு நின்றவரும், பக்கவிளைவை அறிந்தும் உண்பவருக்குச் சொல்லாதவரும் அம்மருந்து காத்த உயிர்களைக் காட்டித் தம் வினையைக் கழித்துக்கொள்ள இயலாது. ஏதும் சொல்லப்படாமல் கைநீட்டி வாங்கி விழுங்கிய தொழிலாளிமேல் அவ்வினையின் ஒரு கூறும் சாராது.